அழகான ஹெட்ஃபோனுக்குக் கொடுக்கும் விலை எதற்குப் போகிறது?

யாராவது இருபதாயிரம் ரூபாய்க்கு ஒரு ஹெட்ஃபோன் வாங்கி வந்தால் போதும், நண்பர்களுக்குள் இரண்டு கட்சி உருவாகிவிடும். "பேருக்குத்தான் காசு, உள்ளே இருப்பது ஐந்நூறு ரூபாய்ச் சரக்கு" என்பது ஒரு கட்சி. "விலைக்கேற்ற தரம், காதில் மாட்டிப் பார், புரியும்" என்பது இன்னொன்று. விலை என்றாலே ஒலிக்கான விலை என்று இரண்டு கட்சிக்காரர்களும் எடுத்துக்கொள்கிறார்கள். குழப்பம் முழுக்க அங்கேதான் தொடங்குகிறது.

நம் ஊர் ஹோட்டல்களில் ஏசி அறைக்குத் தனி விலைப்பட்டியல் உண்டு. வெளியே உட்கார்ந்தாலும் உள்ளே உட்கார்ந்தாலும் தோசை ஒரே கல்லில் வார்த்ததுதான். கூடுதல் காசு குளிருக்கும் மெத்தை நாற்காலிக்கும் அமைதிக்கும். அது தெரிந்து உள்ளே போகிறவருக்கு வருத்தமே இல்லை. உள்ளே தோசையே வேறு ருசி என்று நம்பிப் போகிறவர்தான் ஏமாறுகிறார்.

ஹெட்ஃபோன் விலையும் இப்படிக் கூட்டிச் சேர்த்த தொகைதான். ஒலி, தலையில் உட்காரும் சுகம், புளூடூத்தும் இரைச்சல் நீக்கமும், எத்தனை வருஷம் உழைக்கும் என்பது, அழகும் பெயரும். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் எதற்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பது ஓரளவு பிடிபடும்.

## ஒலி எங்கிருந்து வருகிறது

ஹெட்ஃபோனின் ஒவ்வொரு கிண்ணத்துக்குள்ளும் ஒரு குட்டி ஒலிபெருக்கி இருக்கிறது. அதற்கு டிரைவர் என்று பெயர். மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு, அதன் முதுகில் ஒட்டிய கம்பிச்சுருள், சுருளைச் சுற்றி ஒரு காந்தம். பாட்டு மின்சாரமாகச் சுருளில் ஓடும்போது காந்தம் அதை முன்னும் பின்னும் தள்ளுகிறது. சவ்வு கூடவே ஆடி, காற்றை அசைக்கிறது. அந்த அசைவு செவிப்பறையைத் தொடும்போது நமக்குப் பாட்டு கேட்கிறது.

இந்தப் பொருளைச் செய்யும் வித்தை பழையது, மலிவாகிவிட்டது. அட்டைப் பெட்டியில் "40 மில்லிமீட்டர் டிரைவர்", "50 மில்லிமீட்டர் டிரைவர்" என்று பெரிய எழுத்தில் போடுகிறார்கள். பெரிய சவ்வு என்றால் நல்ல ஒலி என்றோ, பேஸ் என்னும் கனத்த ஒலி அதிகம் என்றோ பொருள் இல்லை. சவ்வின் விறைப்பு, கிண்ணத்துக்குள் காற்றுக்கு எவ்வளவு இடம், எங்கே துளை விட்டிருக்கிறார்கள், காதுப் பஞ்சு எவ்வளவு கெட்டி என்று எல்லாம் சேர்ந்துதான் ஒலியைத் தீர்மானிக்கின்றன. அதைச் சரியாக அமைக்கும் வேலைக்கு டியூனிங் என்று பெயர். நல்ல ஹெட்ஃபோனில் உண்மையான உழைப்பு அங்கேதான் இருக்கிறது.

## "நல்ல ஒலி" என்றால் என்ன

காற்று ஒரு நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதை ஹெர்ட்ஸ் என்ற அலகில் சொல்வார்கள். எண் குறைந்தால் கனத்த ஒலி, கூடினால் கீச்சொலி. இளம் வயதில் மனிதக் காதுக்கு ஏறக்குறைய 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். வயது ஏற ஏற மேல்முனை தேய்ந்துகொண்டே வரும்.

ஒரு பாட்டை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ். மிருதங்கத்தின் தொப்பியில் விழும் கும்கி அதற்கு மேலே, ஆண் குரலின் அடித்தளம் அதை ஒட்டி. பாடகர் "ஸ" என்று சொல்லும்போது வரும் காற்றுச் சத்தம் ஐயாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல். சிம்பலின் பளபளப்பு இன்னும் மேலே.

இந்தக் கனத்த, நடு, மேல் ஒலிகளை ஒரு ஹெட்ஃபோன் எந்த விகிதத்தில் தருகிறது என்பதை வரைந்தால் ஒரு கோடு கிடைக்கும். அதுதான் அலைவெண் பதில். பேஸ் பக்கம் கோடு மலைபோல் எழும்பினால் டிரம்ஸ் அதிரும், பாடகர் பின்னால் போய்விடுவார். மேல்முனை எகிறினால் முதல் ஐந்து நிமிடம் "அடடா, என்ன தெளிவு" என்று தோன்றும், அரை மணி நேரத்தில் ஒவ்வொரு "ஸ"வும் காதைக் குத்தும்.

பெட்டியில் "20 ஹெர்ட்ஸ் – 20 கிலோ ஹெர்ட்ஸ்" என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்கவே வேண்டாம். அந்த எல்லைக்குள் கோடு எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று சொல்லாதவரை அந்த எண்ணுக்கு மதிப்பு இல்லை. ஐந்நூறு ரூபாய் இயர்ஃபோன் பெட்டியிலும் அதே எண்தான் இருக்கும்.

சரி, கோடு எப்படி இருக்க வேண்டும்? ஒலிக்கருவிகள் செய்யும் ஹார்மன் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர் ஷான் ஆலிவும் அவரது குழுவினரும் 2010களில் இதைச் சோதித்தார்கள். எந்த மாடல் என்று தெரியாமல் மக்களைக் கேட்க வைத்து விருப்பத்தைக் குறித்துக்கொண்டார்கள். நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கர் ஒலிப்பதை ஒத்த, பேஸ் கொஞ்சம் தூக்கலான ஒலியையே பெரும்பாலானோர் விரும்பினார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் ஹார்மன் வளைவு. எல்லோருக்கும் பிடித்தாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை, ஆனால் புதிதாக வாங்குகிறவருக்கு நல்ல தொடக்கப் புள்ளி.

சுருக்கமாக: நல்ல ஒலி என்பதில் பெரும்பங்கு சமநிலை. அது டியூனிங்கால் வருவது, டிரைவரின் அளவால் வருவது அல்ல.

## விலை ஏறினால் ஒலியும் ஏறுமா

இந்தக் கேள்விக்கு அளந்து பார்த்த பதிலே இருக்கிறது. 2017இல் யெரூன் பிரேபார்ட் என்ற ஆராய்ச்சியாளர் 283 ஹெட்ஃபோன்களின் அலைவெண் பதிலையும் சில்லறை விலையையும் ஒப்பிட்டு, ஒலியியல் ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை வெளியிட்டார். இரண்டுக்கும் தொடர்பு எதுவும் தெரியவில்லை என்பதுதான் முடிவு, கட்டுரையின் தலைப்பே அதுதான்.

இதை வைத்து "எல்லாம் ஒன்றுதான், மலிவானதை வாங்கு" என்று சொல்லிவிட முடியாது. அலைவெண் பதில் மட்டும்தான் ஒலி என்று இல்லை. சத்தம் கூட்டும்போது ஒலி கரகரக்காமல் இருப்பது, இடது கிண்ணமும் வலது கிண்ணமும் ஒன்றுபோல் ஒலிப்பது, ஒரே மாடலில் பத்து வாங்கினால் பத்தும் ஒரே மாதிரி இருப்பது எல்லாம் கணக்கில் வரும். மிக மலிவான பொருள்களில் பெரும்பாலும் இங்கேதான் கை விட்டுவிடுகிறார்கள். ஆனாலும், விலையைப் பார்த்தே ஒலியை ஊகிக்க முடியாது என்ற அளவில் அந்த ஆய்வு சொல்வதை நான் முழுதாக ஏற்கிறேன்.

இன்னொரு செய்தியும் இருக்கிறது. ஒலிச் சமநிலையை ஈக்வலைசரால் பெருமளவு திருத்திக்கொள்ளலாம். ஈக்வலைசர் என்பது கனத்த, நடு, மேல் ஒலிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதி. ஃபோனிலோ, ஹெட்ஃபோனுடன் வரும் செயலியிலோ இலவசமாகவே இருக்கும். ஆக, காசு கொடுத்து வாங்கும் குணங்களிலேயே வீட்டில் உட்கார்ந்து மாற்றிக்கொள்ளக் கூடியது இந்தச் சமநிலை ஒன்றுதான். தலைப்பட்டையின் இறுக்கத்தையோ உடைந்த கீலையோ செயலியால் சரி செய்ய முடியாது.

## தலையில் உட்காரும் விதம்

வாங்கும்போது பலரும் அவசரமாகத் தாண்டிப் போகும் இடம் இது. ஒலியையே தீர்மானிக்கும் விஷயம் என்பதால் கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டும்.

காதை முழுதாக மூடும் கிண்ணத்துக்குள் அடைபட்ட காற்றைத்தான் சவ்வு அழுத்துகிறது. பஞ்சுக்கும் தோலுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் அந்த அழுத்தம் கசிந்துவிடும், முதலில் போவது பேஸ்தான். கண்ணாடி போடுகிறவர்களுக்கு இது தினசரிப் பிரச்சினை. கண்ணாடிக் கால் பஞ்சைத் தூக்கிப் பிடிக்கும் இடத்தில் ஒரு சின்ன சந்து விழும். அடர்ந்த முடி, காதோரக் கொண்டை ஊசி, மாட்டல் எல்லாம் அதையே செய்யும். ஒருவர் "பேஸ் அருமை" என்று சொன்ன அதே மாடல் இன்னொருவருக்குச் சப்பென்று இருப்பதற்கு இது முக்கியக் காரணம். ரசனை வேறு என்று நாம் முடித்துவிடும் பல சண்டைகள் உண்மையில் சந்துச் சண்டைகள்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். பேஸ் உள்ள பாட்டை ஓடவிட்டு, இரண்டு கிண்ணங்களையும் உள்ளங்கையால் மெதுவாகத் தலையோடு அழுத்துங்கள். பேஸ் சட்டென்று கூடினால், கையை எடுத்த நிலையில் காற்று கசிகிறது என்று பொருள். அந்த மாடல் உங்கள் தலைக்கு ஏற்றதல்ல.

சின்னதாக, ஸ்டைலாக இருக்கும் மாடல்கள் பல காதை மூடாமல் காதின் மேலேயே உட்காரும் வகை. மடித்துப் பையில் போட வசதி, பார்க்கவும் லட்சணம். ஆனால் நழுவாமல் நிற்பதற்காகக் காதுமடலை அழுத்திப் பிடிக்கும். கம்மல் திருகாணி காதுக்குப் பின்னால் குத்துவது கடையில் இரண்டு நிமிடம் போட்டுப் பார்க்கும்போது தெரியாது, நாற்பதாவது நிமிடத்தில்தான் தெரியும். முடிந்தால் கடையில் கால் மணி நேரமாவது கழற்றாமல் வைத்திருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

## கடையில் காது தடுமாறும் இடம்

டெசிபல் என்பது ஒலியின் அழுத்தத்தைச் சொல்லும் அலகு. இரண்டு ஹெட்ஃபோன்களில் ஒன்று இரண்டு மூன்று டெசிபல் கூடுதலாக ஒலித்தால் "இது சத்தம் அதிகம்" என்று நமக்குத் தோன்றாது, "இது நல்லா இருக்கு" என்றுதான் தோன்றும். பெல் ஆய்வுக்கூடத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இலேயே காட்டியபடி, ஒலி தாழ்ந்திருக்கும்போது கனத்த ஒலிகள் நம் காதுக்கு மந்தமாகவே கேட்கும். சத்தம் ஏறினால் பேஸ் தானாக நிறைந்ததுபோல் இருக்கும். அதனால் இரண்டை ஒப்பிடும்போது முதலில் இரண்டின் சத்தத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். இதைச் செய்யாமல் எடுக்கும் தீர்ப்பு பெரும்பாலும் வால்யூம் பற்றிய தீர்ப்புதான்.

கடைக்காரர் போடும் பாட்டை வைத்தும் முடிவு செய்யாதீர்கள். அது அந்த ஹெட்ஃபோன் அழகாகக் காட்டும் பாட்டாகத்தான் இருக்கும். உங்களுக்கு அடிவரை தெரிந்த ஒன்றைக் கொண்டு போங்கள். எண்பதுகளின் திரைப்பாடல் நல்ல பரிசோதனை, ஏனென்றால் அவற்றில் பேஸ் கிட்டார் சும்மா தாளம் போடாமல் தனி மெட்டாகவே ஓடும். அந்த மெட்டை ஒவ்வொரு சுரமாகப் பின்தொடர முடிகிறதா, வெறும் "தும் தும்" என்று ஒரே கொழகொழப்பாக இருக்கிறதா என்று கவனியுங்கள். அப்புறம் ஒரு கச்சேரிப் பதிவு. தம்புராவின் ரீங்காரம் பாடகருக்குப் பின்னால் அறுபடாமல் ஓட வேண்டும்.

## இரைச்சல் நீக்கம்

அமர் போஸ், வங்காளத் தந்தைக்கு அமெரிக்காவில் பிறந்த பொறியாளர். 1978இல் விமானத்தில் போகும்போது, எஞ்சின் இரைச்சலில் ஹெட்ஃபோன் இசை எடுபடாததைப் பார்த்து, அந்த இரைச்சலை மின்னணுவியலால் அழிக்க முடியுமா என்று கணக்குப் போடத் தொடங்கினார். அவர் நிறுவனம் அதைப் பொதுமக்கள் வாங்கும் ஹெட்ஃபோனாகக் கொண்டுவர 2000ஆம் ஆண்டு ஆகிவிட்டது.

அடிப்படை இதுதான்: கிண்ணத்தில் உள்ள மைக் வெளி இரைச்சலைக் கேட்கிறது. சில்லு அதற்கு நேர் எதிரான அலையை உடனே உருவாக்கி டிரைவர் வழியே அனுப்புகிறது. ஓர் அலையின் மேடு இன்னொன்றின் பள்ளத்தில் விழுந்து இரண்டும் அடங்கிவிடுகின்றன.

கனத்த, தொடர்ச்சியான ஒலிகளில் இது அபாரமாக வேலை செய்யும். விமானம், ஏசி, பேருந்து எஞ்சினின் உறுமல். சுமார் ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே அலைகள் குறுகிவிடுவதால் எதிரலையைப் பொருத்துவது கடினம். அதனால் ஹாரன், குழந்தையின் அழுகை, பக்கத்து இருக்கைக்காரரின் ஃபோன் பேச்சு எல்லாம் குறையுமே தவிர மறையாது. அவற்றைத் தடுப்பது பஞ்சும் பிளாஸ்டிக்கும்தான். "வெளிச்சத்தம் முழுக்கப் போய்விடும்" என்று நினைத்து வாங்கியவர்கள் ஏமாந்ததாகச் சொல்வது இதனால்தான்.

ஆனால் இது வெறும் சொகுசு இல்லை, தினமும் பேருந்திலும் ரயிலிலும் கேட்பவர்கள் காசு கொடுக்கத் தகுந்த வசதி. வெளியே இரைச்சல் கூடினால் நாம் அறியாமலே வால்யூமைக் கூட்டிவிடுகிறோம். பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம், 80 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்பு வரம்பு. சத்தமான பேருந்துக்குள் பாட்டு தெளிவாகக் கேட்க வேண்டுமென்றால் அதைச் சுலபமாகத் தாண்டிவிடுவோம். இரைச்சல் அடங்கினால் மெதுவாக வைத்தே கேட்கலாம். கேட்கும் திறன் ஒருமுறை போனால் திரும்புவதில்லை.

வீட்டில் அமைதியான அறையில் மட்டும் கேட்பவருக்கு இந்த வசதியால் பெரிய பலன் இல்லை. விலையில் ஒரு பெரிய துண்டை அவர் அப்படியே மிச்சம் பிடிக்கலாம்.

## புளூடூத் முத்திரைகள்

கோடெக் என்பது பாட்டைச் சுருக்கி அனுப்பி, மறுமுனையில் விரிக்கும் முறை. எஸ்பிசி எல்லாப் புளூடூத் ஹெட்ஃபோனிலும் உண்டு. ஏஏசி ஆப்பிள் ஃபோன்களுக்குப் பழக்கமானது. சோனியின் எல்டாக் நொடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்பும், ஆண்ட்ராய்டில் 2017 முதல் உள்ளது. ஐஃபோனில் எல்டாக் இல்லை, ஆகவே ஐஃபோன்காரர் அந்த முத்திரைக்காகக் கூடுதலாகக் கொடுப்பது வீண். பேருந்தில் கேட்பவருக்கும் இந்த வித்தியாசம் காதில் ஏறுவது அரிது. டியூனிங் சரியில்லாத ஹெட்ஃபோனை எந்தக் கோடெக்கும் காப்பாற்றாது.

## அழகும் பெயரும்

பீட்ஸைப் பேசாமல் இதைப் பேச முடியாது. அமெரிக்க ராப் பாடகர் டாக்டர் டிரேயும் இசைத் தயாரிப்பாளர் ஜிம்மி அயோவினும் 2006இல் தொடங்கிய நிறுவனம், 2008இல் முதல் ஹெட்ஃபோன் வந்தது. அதுவரை ஃபோனோடு கொடுத்த இயர்ஃபோனே போதும் என்று இருந்த இளைஞர்கள், ஹெட்ஃபோனைச் சட்டை போலத் தேர்ந்தெடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கினார்கள். 2014இல் ஆப்பிள் மூன்று பில்லியன் டாலருக்கு அந்த நிறுவனத்தையே வாங்கியது. பேஸ் மிகையான ஒலி என்று ஆரம்ப மாடல்களைப் பலரும் விமர்சித்தது நியாயம்தான்.

2015இல் அமெரிக்கப் பொறியாளர் ஒருவர் ஒரு பீட்ஸைப் பிரித்துப் போட்டு, கனமாகத் தெரிவதற்காகவே உலோகத் துண்டுகள் வைத்திருக்கிறார்கள், உதிரிபாகச் செலவு இருபது டாலர்கூட இல்லை என்று எழுதினார். உலகம் முழுக்கப் பரவியது அந்தச் செய்தி. அவர் பிரித்தது போலி என்று பிறகு தெரியவந்தது, அந்தத் திருத்தம் அவ்வளவு தூரம் பரவவில்லை. "உள்ளே இருப்பது ஐந்நூறு ரூபாய்ச் சரக்கு" என்ற வாதம் இன்றும் இதுபோன்ற செய்திகளில்தான் நிற்கிறது. அசலாகவே இருந்தாலும் அந்த வாதம் ஓட்டை. உதிரிபாக விலையில் டியூனிங் செய்தவரின் சம்பளமோ, அச்சு வார்ப்புச் செலவோ, கடைக்காரரின் லாபமோ, உத்தரவாதமோ, வரியோ சேராது.

அழகுக்காகக் காசு கொடுப்பது தவறு என்று நான் நினைக்கவில்லை. தினமும் தலையில் சுமக்கும் பொருள் கண்ணுக்குப் பிடித்திருக்க வேண்டும். நூறு பேர் நடுவே போட்டுக்கொண்டு நிற்க ஒருவருக்குத் தைரியம் தரும் பொருள் அவருக்கு அந்த விலை பெறும். அழகைத் தரத்தின் அத்தாட்சியாக எடுத்துக்கொள்வதில்தான் எனக்குச் சம்மதமில்லை. பளபளக்கும் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, அதைப் பட்டையோடு இணைக்கும் கீலைப் பாருங்கள். அங்கே உலோகமா, மெல்லிய பிளாஸ்டிக்கா? மடித்து மடித்து முதலில் விரிசல் விடும் இடம் அதுதான்.

## எத்தனை வருஷம் உழைக்கும்

நம் கடற்கரை ஊர்களின் புழுக்கம் செயற்கைத் தோலுக்கு எமன். காதுப் பஞ்சின் மேலுறை பெரும்பாலும் பாலியூரித்தேன் பூசிய துணி. ஈரக்காற்றும் வியர்வையும் சேர்ந்து அந்தப் பூச்சை மெல்ல அரித்துவிடும். என் தம்பியின் ஹெட்ஃபோன் இரண்டாவது மழைக்காலத்தைத் தாண்டவில்லை. கருப்புப் பொருக்குகள் உரிந்து காதோரத்திலும் சட்டைக் காலரிலும் ஒட்டிக்கொண்டன, துடைத்தால் இன்னும் பரவின. டிரைவரும் பேட்டரியும் நன்றாகவே இருந்தன. மாற்றுப் பஞ்சு அந்த மாடலுக்குக் கிடைக்கவில்லை, அதனால் முழுப் பொருளும் அலமாரிக்குப் போய்விட்டது.

அடுத்தது பேட்டரி. லித்தியம் அயன் பேட்டரி சில நூறு முறை ஏற்றி இறக்கியதும் கொள்ளளவு குறையத் தொடங்கும். காதை மூடும் பெரிய ஹெட்ஃபோன்களில் மெனக்கெட்டால் மாற்ற முடியும். காதுக்குள் செருகும் குட்டி இயர்பட்களில் ஒட்டி மூடிவிடுவதால் பேட்டரியின் ஆயுளே பொருளின் ஆயுள். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த பேட்டரிச் சட்டம், 2027 பிப்ரவரியிலிருந்து பயனாளரே பேட்டரியைக் கழற்றி மாற்றும்படி சாதனங்கள் இருக்க வேண்டும் என்கிறது. நம் கடைகளுக்கும் அதன் பலன் வந்தால் நல்லது.

எதிர்ப்பக்கம், பல வருஷமாக நிலைத்து நிற்கும் இரண்டு பழைய மாடல்கள் இருக்கின்றன. கோஸ் நிறுவனத்தின் போர்ட்டா புரோ 1984இல் வந்தது. மெல்லிய உலோகப் பட்டை, ஸ்பாஞ்சு உறை, மடித்தால் உள்ளங்கையில் அடங்கும். அதே தோற்றத்தில் இன்றும் விற்கிறார்கள், அமெரிக்காவில் ஐம்பது டாலரை ஒட்டிய விலைக்கு. ஸ்பாஞ்சு கிழிந்தால் புதிது வாங்கி மாட்டிக்கொள்ளலாம். வெளிச்சத்தத்தை அது தடுக்காது, பேருந்துக்கு ஆகாது, அறையில் கேட்க அருமையான பொருள். சென்ஹைசரின் எச்டி 25, 1988இலிருந்து வருகிறது. ஒயர், பஞ்சு, டிரைவர், தலைப்பட்டை என்று எது போனாலும் அதை மட்டும் வாங்கி மாற்றலாம், அதனால்தான் ஒலிப்பதிவுக்காரர்களும் டிஜேக்களும் இன்னும் விடாமல் வைத்திருக்கிறார்கள்.

விலையை வருஷத்தால் வகுத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். மூவாயிரம் ரூபாய்ப் பொருள் ஒன்றரை வருஷத்தில் உரிந்து போனால் வருஷத்துக்கு இரண்டாயிரம். பன்னிரண்டாயிரம் ரூபாய்ப் பொருளை நடுவில் ஒருமுறை பஞ்சு மாற்றி ஆறு வருஷம் ஓட்டினால், பஞ்சுக் காசு போக, வருஷத்துக்கு அதே இரண்டாயிரம்தான். அந்த ஆறு வருஷமும் நல்ல ஒலியும் சுகமும் கூடவே கிடைக்கும். அதே பன்னிரண்டாயிரம் ரூபாய்ப் பொருளுக்கு உதிரி கிடைக்காவிட்டால் கணக்கு தலைகீழாகிவிடும்.

அதனால் கடையில் நான் முதலில் கேட்பது பேஸ் எப்படி என்று அல்ல, பஞ்சு தனியாகக் கிடைக்குமா என்றுதான். கிண்ணத்திலிருந்து பஞ்சைக் கழற்றிக் காட்டச் சொல்வேன். கிளிப்பில் சொருகியிருந்தால் மாற்றலாம், பசையில் ஒட்டியிருந்தால் கஷ்டம். பேட்டரி தீர்ந்தாலும் ஒயர் போட்டுக் கேட்க 3.5 மில்லிமீட்டர் துளையோ யுஎஸ்பி-சி வழி ஒலியோ இருக்கிறதா என்றும் பார்ப்பேன். மாற்றுப் பஞ்சும் இல்லை, ஒயர் வழியும் இல்லை என்றால், எவ்வளவு அழகாக இருந்தாலும் ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் அதற்குக் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை.